ஃபைல் நகரவில்லையா? புதிதாக வெளிநாடு போன சேலத்துக்காரர்களுக்கு

‘விசா நீட்டிப்புக்குக் கொடுத்து மூன்று மாதம் ஆச்சு, யாரையாவது பார்க்கணுமா அண்ணா?’ என்று ஜெர்மனியிலிருந்து அம்மாப்பேட்டைத் தம்பி கேட்டிருந்தார். யாரையும் பார்க்க வேண்டாம் தம்பி.

எங்கள் ஏற்காட்டு நிலத்தின் பட்டா மாறுதலுக்கு அப்பா நடையாய் நடந்தபோது, ‘சர்வேயரைக் கொஞ்சம் கவனிச்சிருங்க, நாளைக்கே முடிஞ்சிரும்’ என்று ஆபீஸ் வாசலிலேயே ஒருவர் சொன்னார். இதைப் பார்த்து வளர்ந்த நமக்குத் தாமதம் என்றாலே காசு எதிர்பார்க்கிறார்கள் என்றுதான் தோன்றும். ஜெர்மனியில் பெரும்பாலும் அது வெறும் தாமதம்தான். ஆள் குறைவு, காகிதம் அதிகம். முதலில் தேதி போட்டு எழுத்தில் நினைவூட்டுங்கள். தக்க காரணமில்லாமல் மூன்று மாதம் முடிவெடுக்காத அலுவலகத்தின் மேல் நிர்வாக நீதிமன்றத்தில் வழக்கே போடலாம். ஸ்வீடனில் ஆறு மாதம் தாண்டினால், ‘முடிவைச் சொல்லுங்கள்’ என்று எழுதிக் கேட்கலாம். நான்கு வாரத்துக்குள் முடிவைச் சொல்ல வேண்டும், இல்லையென்றால் உங்கள் கோரிக்கையை ஏற்கவில்லை என்று எழுத்தில் தர வேண்டும். அந்த மறுப்பின் மேல் அப்பீலும் உண்டு.

அப்புறம், நன்றி சொல்லக்கூட எதையும் நீட்டாதீர்கள். எனக்குத் தெரிந்த பெண் ஒருவர் ஏற்காடு காபித்தூள் பொட்டலத்தை ஜெர்மனியில் ஓர் அரசு அலுவலகக் கவுண்டரில் வைத்தார். அங்கிருந்த அம்மா அதைத் தொடவே இல்லை. இரண்டு கையையும் மேசைக்கு அடியில் இழுத்துக்கொண்டு, ‘தயவுசெய்து எடுத்துக்கொள்ளுங்கள்’ என்றார். அரசு ஊழியர் செய்யும் வேலைக்காக ஒரு பொருளைக் கொடுப்பதும் வாங்குவதும் அங்கே குற்றமாகலாம்.

சிங்கப்பூர் இன்னும் கறார். அங்கே லஞ்ச ஒழிப்புப் பிரிவு 1952-லிருந்து இருக்கிறது, இன்று நேரே பிரதமருக்குக் கீழே இயங்குகிறது. ஒரு வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) லஞ்சத்துக்காகக்கூட ஃபோர்க்லிஃப்ட் (சரக்கு தூக்கும் வண்டி) ஓட்டுநர்கள் மேல் 2018-ல் வழக்குப் போட்டார்கள். பதவியில் இருந்தபோது பரிசுப் பொருட்கள் வாங்கியது உள்ளிட்ட குற்றங்களுக்காக முன்னாள் அமைச்சர் ஈஸ்வரனுக்கு 2024-ல் 12 மாதச் சிறை.

ஊழல் குறியீட்டை வைத்து நாட்டைத் தேர்ந்தெடுக்கலாமா என்றும் சிலர் கேட்கிறார்கள். நூற்றுக்கு எத்தனை என்று மதிப்பெண் போடுகிறார்கள்; கூடினால் ஊழல் குறைவு என்று அர்த்தம். 2024 பட்டியலில் டென்மார்க் 90, சிங்கப்பூர் 84, ஜெர்மனி 75, இந்தியா 38. அது நிபுணர்களும் தொழில் நடத்துகிறவர்களும் சொல்லும் கருத்தின் கணக்கு. கவுண்டரில் நிற்கும் உங்களிடம் காசு கேட்பார்களா என்பதை அது அளப்பதில்லை.

பிரிட்டனில் குடியேறியவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். அங்கே 2010 லஞ்சத் தடுப்புச் சட்டம், வேலை சீக்கிரம் நடக்கக் கொடுக்கும் சில்லறைக் காசுக்கும் விலக்குத் தரவில்லை. அங்கே வசிப்பவர் வெளிநாட்டில் கொடுக்கும் லஞ்சத்துக்கும் அது பாயும். சேலத்தில் உங்கள் வீட்டுக் காரியத்துக்காக வேறொருவர் மூலம் லஞ்சம் கொடுத்தாலும் சிக்கல்தான். நம்ம நாட்டிலும் 2018 திருத்தத்துக்குப் பிறகு கொடுத்தவருக்கு ஏழு ஆண்டு வரை சிறை உண்டு. கட்டாயப்படுத்திக் கேட்டதால் கொடுத்தவர் ஏழு நாளுக்குள் போலீஸிடமோ லஞ்ச ஒழிப்புத் துறையிடமோ சொல்லிவிட்டால் தப்பலாம். ஊரில் உங்கள் பவர் பத்திரம் வைத்திருப்பவரிடம் இதை இப்போதே சொல்லி வையுங்கள்.