பாளையங்கோட்டையில் இருந்துகொண்டு எஸ்டோனியாவில் ஒரு நபர் நிறுவனம் தொடங்கலாமா?

கேள்வி (பாளையங்கோட்டையிலிருந்து):
அண்ணாச்சிமார் அனைவருக்கும் வணக்கம். ஜெர்மனியிலுள்ள இரண்டு நிறுவனங்களுக்கு வீட்டிலிருந்தே மென்பொருள் எழுதித் தருகிறேன். ஐரோப்பிய நிறுவனத்தின் பெயரில் பில் வந்தால் வசதி என்று அவர்களில் ஒருவர் கேட்பதால், எஸ்டோனியாவின் இ-ரெசிடென்சி அட்டை (வெளிநாட்டவருக்கு அந்நாட்டு அரசு தரும் மின்னணு அடையாள அட்டை) வாங்கி அங்கே ஒரு நிறுவனம் பதிவு செய்ய நினைக்கிறேன். லாபத்தை வெளியே எடுக்காதவரை அங்கே வரி இல்லை என்கிறார்கள். ஊரை விட்டு நகரும் எண்ணம் எனக்கு இல்லை. எதையெல்லாம் கவனிக்க வேண்டும்?

பதில் (தென்காசி):
பதிவு செய்வது பெரிய காரியமே அல்ல. டெல்லியிலுள்ள எஸ்டோனியத் தூதரகத்தில் கைரேகை கொடுத்து அட்டையைப் பெற்றுக்கொண்டால், பிறகு கணினியில் இணைத்த கார்டு ரீடரில் அதைச் செருகி முதல் பின் எண்ணால் அரசு இணையதளங்களுக்குள் நுழையலாம். இரண்டாவது பின் எண்ணை அடித்தால் அதுவே சட்டப்படி செல்லும் கையெழுத்து. 2,500 யூரோ மூலதனம் வேண்டும் என்ற விதியும் 2023 பிப்ரவரியில் நீங்கிவிட்டது. ஆனால் நிர்வாகி வெளிநாட்டில் இருப்பதால் அங்கே ஒரு முகவரியும் அரசுக் கடிதங்களை உங்களுக்காகப் பெற்றுக்கொள்ளும் உரிமம் பெற்ற தொடர்பாளரும் வேண்டும். அந்தக் கட்டணமும் கணக்கு எழுதும் கட்டணமும், வருமானம் வந்தாலும் வராவிட்டாலும், கட்டித்தான் ஆக வேண்டும். லாபத்தைப் பங்காதாயமாக எடுக்கும்போது 100 யூரோவுக்கு 22 யூரோ வரி.

பதில் (வண்ணார்பேட்டை, ஆடிட்டர்):
தம்பி, எஸ்டோனியச் சட்டத்தைவிட நம் நாட்டுச் சட்டத்தைத்தான் நீங்கள் முதலில் பார்க்க வேண்டும். 2022 ஆகஸ்டில் வந்த வெளிநாட்டு முதலீட்டு விதிகளின்படி, மூலதனம் ஒரே யூரோவாக இருந்தாலும், வங்கியில் ஃபார்ம் எஃப்சி என்ற வெளிநாட்டு முதலீட்டுப் படிவத்தைக் கொடுத்து ரிசர்வ் வங்கியின் அடையாள எண்ணைப் பெற்ற பிறகே பணம் அனுப்ப வேண்டும். கிரெடிட் கார்டில் கட்டிவிட்டு அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று தயவுசெய்து இருந்துவிடாதீர்கள். அதன்பின் ஆண்டுதோறும் டிசம்பர் 31-க்குள் செயல்பாட்டு அறிக்கை தர வேண்டும். வருமான வரிப் படிவத்திலும் வெளிநாட்டுச் சொத்தாகக் காட்ட வேண்டும்.

வரி விஷயம் இன்னும் முக்கியமானது. நிர்வாகம் எங்கே நடக்கிறதோ அந்த நாட்டு நிறுவனமாகக் கருதும் விதி, 50 கோடி ரூபாய் வரை வரவுள்ள நிறுவனங்களுக்குப் பொருந்தாது என்று 2017-இல் சுற்றறிக்கை வந்தது உண்மைதான். ஆனால் வேலை முழுவதும் உங்கள் வீட்டில் நடப்பதால், அந்த நிறுவனத்துக்கு இந்தியாவில் நிலையான தொழிலிடம் (வெளிநாட்டு நிறுவனம் இங்கே நிலையாகத் தொழில் நடத்தும் இடம்) இருக்கிறது என்று அதிகாரி சொல்ல முடியும். அப்படிச் சொன்னால் இங்கே ஈட்டியதாகக் கொள்ளும் லாபத்துக்கு வெளிநாட்டு நிறுவனங்களுக்கான 35 சதவீத வரி விழும். உங்கள் பெயரிலேயே ஜிஎஸ்டி எடுத்து, எல்யூடி (வரி கட்டாமல் ஏற்றுமதி செய்வதற்கான உறுதிமொழிக் கடிதம்) தாக்கல் செய்து, யூரோவிலேயே பில் போட்டால் ஏற்றுமதிக்கு ஜிஎஸ்டி கட்ட வேண்டியதில்லை. இப்போதைக்கு இதுவே போதும் என்பது என் உறுதியான கருத்து.

பதில் (மேலப்பாளையம், தற்போது ஜெர்மனி):
ஆடிட்டர் அண்ணாச்சி சொல்வதே சரி. பில் எஸ்டோனியாவிலிருந்து வந்தாலும் இந்தியாவிலிருந்து வந்தாலும், இத்தகைய சேவைக்கான வாட் வரியை இங்குள்ள நிறுவனமே கணக்கிட்டுக் காட்ட வேண்டும். எனவே அந்த வாடிக்கையாளருக்கு உண்மையில் என்ன வசதி கூடுகிறது என்பதை அவருடைய கணக்குப் பிரிவிடமே முதலில் கேட்டுவிடுங்கள்.