ஓப்பன்என்எம்எஸ் நிறுவியாகிவிட்டது, ஆனால் அதன் வலைப்பக்கத்துக்கான 8980 போர்ட் திறக்கவில்லை

கேள்வி:
ராக்கி லினக்ஸில் ஜேடிகே 17 (ஜாவா), போஸ்ட்கிரெஸ் 13 (டேட்டாபேஸ்), ஓப்பன்என்எம்எஸ் ஹொரைசன் (நெட்வொர்க் கண்காணிப்பு மென்பொருள்) மூன்றும் பேக்கேஜ் வழியே ஏற்றியாகிவிட்டது. சர்வீஸைத் தொடங்கினால் உடனே நின்றுவிடுகிறது. இன்ஸ்டால் கட்டளையை ஓட்டினால் ஐடென்ட் சரிபார்ப்பு தோல்வி என்று பிழை வருகிறது. எங்கே திருத்த வேண்டும்?

பதில் 1:
சிக்கல் ஜாவாவில் இல்லை, டேட்டாபேஸ் நுழைவில். ரெட்ஹேட் வகை லினக்ஸில் உள்ளூர் டிசிபி இணைப்புக்கு போஸ்ட்கிரெஸ் பாஸ்வேர்டைப் பார்ப்பதில்லை, லினக்ஸ் பயனர் பெயரைத்தான் பார்க்கும்; இதுதான் ஐடென்ட். யார் எப்படி நுழையலாம் என்று சொல்லும் பிஜி-எச்பிஏ கோப்பில் 127.0.0.1/32 (ஐபிவி4), ::1/128 (ஐபிவி6) இரண்டு வரிகளிலும் ஐடென்ட்டை எடுத்துவிட்டு, பாஸ்வேர்டைப் பார்க்கும் முறையான எம்டி5 போட்டு, போஸ்ட்கிரெஸை ரீலோட் செய்யுங்கள். ஐபிவி6 வரியை விட்டுவிட்டால் அதே பிழை மறுபடி வரலாம்.

பதில் 2:
எம்டி5-க்குப் பதில், அதைவிடப் பாதுகாப்பான பாஸ்வேர்ட் முறையான ஸ்கிராம் போடுவதே நல்லது. ஆனால் போஸ்ட்கிரெஸ் 13 பாஸ்வேர்டை இயல்பாக எம்டி5 ஆகத்தான் சேமிக்கும். பாஸ்வேர்ட் என்கிரிப்ஷன் அமைப்பை மாற்றி, பாஸ்வேர்டை மறுபடி வைத்தால்தான் ஸ்கிராம் ஏற்கும். ஓப்பன்என்எம்எஸின் டேட்டாபேஸ் இணைப்பு விவரம் இருக்கும் டேட்டாசோர்சஸ் கோப்பில் ஓப்பன்என்எம்எஸ், போஸ்ட்கிரெஸ் என இரண்டு கணக்குகளின் பாஸ்வேர்டும் பொருந்த வேண்டும்.

பதில் 3:
அதன்பின் வரிசை முக்கியம். ஓப்பன்என்எம்எஸின் ரன்ஜாவா கட்டளையை எஸ் தெரிவோடு (-s) ஓட்டினால் ஜேடிகே இருக்கும் இடம் பதிவாகும். அடுத்து இன்ஸ்டாலை டி, ஐ, எஸ் தெரிவுகளோடு (-dis) ஓட்டுங்கள். டேபிள்களை உருவாக்குவது அதுதான், அது முடியாமல் சர்வீஸ் எழாது. முதல் தொடக்கம் மெதுவாகவே நடக்கும், பாதியில் நிறுத்தாதீர்கள். மேனேஜர் லாக்கைப் பார்த்துக்கொண்டிருங்கள். உள்ளே நுழைந்ததும் அட்மின் கணக்கின் பாஸ்வேர்டை மாற்றிவிடுங்கள், இயல்பாக பாஸ்வேர்டும் அட்மின்தான்.