புதுப்பிப்பு: கல்லடி வீட்டுக் குழி மோட்டர் தண்ணீர் தள்ளத் தொடங்கிவிட்டது

முற்றத்தில் மழைத்தண்ணீர் தேங்காமலிருக்க வெட்டிய குழியில் மோட்டர் ஓடுகிறது, தண்ணீர்தான் வெளியே வரவில்லை என்று போன கிழமை எழுதியிருந்தேன். சரி, காரணம் பிடிபட்டுவிட்டது: காற்று அடைப்பு.

குழி வற்றிக் கிடந்தபோது மோட்டருக்குள் காற்றுப் புகுந்திருக்கிறது. மேலே பைப்பில், ஏறிய தண்ணீர் திரும்பி இறங்காமல் தடுக்கும் ஒருவழி வால்வு மூடியிருப்பதால் அந்தக் காற்றுக்குப் போக வழியில்லை; உள்விசிறி சும்மா சுற்றும், தண்ணீரைப் பிடிக்காது. பிளக்கைக் கழற்றிவிட்டு, மோட்டருக்கும் வால்வுக்கும் நடுவே பைப்பில், காற்று வெளியேற 3 மில்லிமீற்றர் துளை ஒன்று போட்டோம். ஓடும்போது அதில் மெல்லிய பீச்சல் அடித்துக் குழிக்குள்ளேயே விழும். கசிவென்று நினைத்து அடைத்துவிடாதீர்கள்!

அப்புறம், அடிச் சல்லடையில் நம்ம கடற்கரை மணல் கெட்டியாக அப்பியிருந்தது. கழுவி, மோட்டரைச் சீமெந்துக் கல்லின் மேல் ஏற்றி வைத்தாயிற்று. தண்ணீர் ஏறும்போது மோட்டரைப் போட்டுவிடும் மிதவை சுவரில் முட்டாமல் ஏறி இறங்குகிறதா என்றும் பாருங்கள்.

புது மோட்டர் வாங்கச் சொன்ன அண்ணன்மாருக்கு நன்றி, இப்போதைக்குத் தேவையில்லை. மாரிக்கு முன் எல்லோரும் குழியில் தண்ணீர் ஊற்றி ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். கரண்ட் போனால் என்ன செய்வது என்பதுதான் எனக்கு இன்னும் கவலை. இன்வேர்ட்டர் வைத்திருப்பவர்கள் சொல்லுங்கள்.