ஹார்டனிங்: ‘கடினப்படுத்துதல்’ வேண்டாம், ‘வெளிப்பழக்கல்’ என்போம்

அன்புள்ள குழும நண்பர்களுக்கு,

வீட்டில் பூச்செடி பெருக்குவதற்கான சொற்பட்டியல் அநேகமாக முடிந்துவிட்டது. கணு (தண்டில் இலை கிளம்பும் இடம்), கணுவிடை (இரண்டு கணுவுக்கு நடுப்பகுதி), வேரூக்கி (வேர்விடத் தூண்டும் மருந்து), விண்பதியம் (செடியில் இருக்கும் கிளையைச் சுற்றி ஈரப்பொருள் கட்டி வேர்விடச் செய்வது) இவற்றில் யாருக்கும் மறுப்பு இல்லை. வெட்டி ஊன்றும் கிளைத்துண்டை, அதாவது ‘கட்டிங்’கை, போத்து என்றால் போதும். முருங்கைக்கும் கிளுவைக்கும் ஊரில் அப்படித்தான் சொல்கிறோம். ‘பதியன்’ என்று வைத்தால், கிளையைத் தாய்ச்செடியிலிருந்து வெட்டாமலே வேர்விடச் செய்யும் பதியத்தோடு குழம்பிவிடும். மிச்சம் இருப்பது ‘ஹார்டனிங்’ ஒன்றுதான், அதாவது மூடிவைத்து வேர்விடச் செய்த இளஞ்செடியைக் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே கொண்டுவரும் வேலை. ‘கடினப்படுத்துதல்’ ஏற்கெனவே புழங்குவதால் அதையே வைத்துக்கொள்ளலாம் என்று சிலர் எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை.

குண்டுமல்லியையே எடுத்துக்கொள்வோம். அந்த இனத்தைச் சேர்ந்த மதுரை மல்லிக்கு 2013இல் புவிசார் குறியீடு கிடைத்தது. மதுரை மல்லித் தோட்டங்களுக்கு நாற்று அனுப்பும் ஊர்களில் ராமேசுவரத்தை அடுத்த தங்கச்சிமடம் பேர்பெற்றது. அங்கே நாற்று உருவாவதும் போத்திலிருந்துதான். வீட்டிலும் அதையே செய்யலாம். ஜூனிலிருந்து நவம்பர் வரை நல்ல பருவம். பாதி முதிர்ந்த கிளையில் நாலு கணு இருக்கும்படி, கீழ்க்கணுவை ஒட்டி வெட்டி, அடி இலைகளைக் கிள்ளிவிட்டு, இரண்டு கணு மண்ணுக்குள் போகும்படி மணல் கலந்த கலவையில் ஊன்றி, மேலே பாலித்தீன் பையைக் கவிழ்த்து நிழலில் வைக்கிறோம். சில வாரங்களில் வேர் பிடித்துத் துளிர்க்கிறது.

சிக்கல் வருவது அதற்கு அப்புறம்தான். பையை எடுத்துச் செடியை நேரே மொட்டைமாடி வெயிலில் வைத்தால் சாயங்காலத்துக்குள் துவண்டுவிடும். வேர் இருக்கிறது, மண்ணில் ஈரமும் இருக்கிறது, ஆனாலும் துவள்கிறது. காரணம் இலையில் இருக்கிறது. பைக்குள் காற்று முழுக்க ஈரம் என்பதால், அங்கே விட்ட இலைக்கு நீரைக் காக்கும் வேலையே வரவில்லை. அதன் மேலுள்ள மெழுகுப் பூச்சு மெலிதாக இருக்கும். இலைத்துளைகளும் வேண்டிய நேரத்தில் சரியாக மூடாது. புதிதாய் விட்ட கொஞ்சம் வேரால், இலை இழக்கும் நீருக்கு ஈடுகொடுக்க முடிவதில்லை.

அதனால்தான் முதலில் பையில் ஓட்டை போடுகிறோம், பிறகு தினமும் கொஞ்ச நேரம் திறந்து வைக்கிறோம், அப்புறம் காலை வெயில் மட்டும் படும் இடத்துக்கு மாற்றுகிறோம். ஒரு வாரம், பத்து நாள் இப்படிப் போகும். இதில் பழைய இலை ஓரளவே மாறும். புதுச் சூழலில் விடும் இலைதான் முழுத் தகுதியோடு வரும். ஆகவே இங்கே நடப்பது செடியைக் கெட்டியாக்கும் வேலை அல்ல, வெளிக்காற்றுக்கும் வெயிலுக்கும் அதைப் பழக்கும் வேலை. தண்டு உறுதிப்படுவது உண்டு, ஆனால் அது கூடவே வரும் விளைவு. ‘வன்மையூட்டல்’, ‘திடமாக்கல்’ என்று வந்த பரிந்துரைகளை நான் ஏற்காததும் இதனால்தான்.

‘கடினப்படுத்துதல்’ மேல் இன்னும் இரண்டு குறை உண்டு. மானாவாரிக்கு விதைக்கும் முன் விதையை ஊறவைத்து உலர்த்துவதை வேளாண் கையேடுகள் ‘விதையைக் கடினப்படுத்துதல்’ என்கின்றன. அது வேறு வேலை, வேறு கட்டம். அதோடு, போத்தை வகைப்படுத்தும்போது கடினத்தண்டு, மென்தண்டு என்கிறோம். ‘கடினத்தண்டுப் போத்தைக் கடினப்படுத்த வேண்டும்’ என்று எழுதிப் பாருங்கள். புதிதாகச் செடி வளர்ப்பவர் என்ன புரிந்துகொள்வார்? தண்ணீரை நிறுத்தி வெயிலில் காய விட வேண்டும் என்றுதான் நினைப்பார். ஒரு கலைச்சொல் கையைத் தவறான வேலைக்கு இழுத்துச் சென்றால், எத்தனை அச்சில் வந்திருந்தாலும் அதை மாற்றத்தான் வேண்டும்.

என் பரிந்துரை ‘வெளிப்பழக்கல்’. கன்றை ஏருக்குப் பழக்குகிறோம் என்கிறோமே, அந்தப் பழக்குதான் இது. படிப்படியாக, பொறுமையாகச் செய்வது என்ற பொருள் அந்த வினையிலேயே இருக்கிறது. முதலில் ‘வெயிற்பழக்கல்’ என்றுதான் யோசித்தேன். ஆனால் வெயில் மட்டும் இல்லை, உலர்ந்த காற்றும் இதில் சேர்த்தி. சொல் வாக்கியத்திலும் நன்றாக நடக்கிறது: வெளிப்பழக்கிய நாற்று, வெளிப்பழக்காத நாற்று, வெளிப்பழக்கும் காலம், ‘ஒரு வாரம் வெளிப்பழக்கிவிட்டு நடுங்கள்’. ‘வெளிப்பழக்கம்’ என்று மட்டும் எழுத வேண்டாம், ஊர்சுற்றும் பழக்கம் போலத் தொனிக்கும்.

ஒரு கேள்வி மிச்சம். திசு வளர்ப்பு வாழைக்கன்றைக் குடுவையிலிருந்து எடுத்து முதலில் ஈரமான கூடத்திலும், பிறகு நிழல்வலைக்கூடத்திலும் வைக்கிறார்கள். இரண்டு கட்டத்துக்கும் இதே சொல் போதுமா, ‘முதல்நிலை வெளிப்பழக்கல்’, ‘இரண்டாம்நிலை வெளிப்பழக்கல்’ என்று பிரிக்கலாமா? எனக்குப் பிரிப்பது சரி என்று படுகிறது. நாற்றங்கால் நடத்துபவர்கள், ஆய்வகத்தில் இருப்பவர்கள் உங்கள் இடத்தில் எப்படிச் சொல்கிறீர்கள் என்று எழுதுங்கள். தொழிலாளர்கள் வாயில் இதைவிட நல்ல சொல் இருந்தால், என் பரிந்துரையை விட்டுவிட்டு அதையே பட்டியலில் ஏற்றுவோம்.