அடுக்குமாடிப் பிள்ளைகள் நாள்தோறும் ஒரு மணி நேரம் ஓடியாட வழி என்ன?

கேள்வி: மாலை வகுப்பு ஆசிரியை, லெம்பா பந்தாய், கோலாலம்பூர்

வணக்கம். மக்கள் வீடமைப்புத் திட்ட அடுக்குமாடி ஒன்றின் கீழ்த்தளத்தில் தமிழ்ப்பள்ளிப் பிள்ளைகளுக்கு இலவசமாகப் பாடம் சொல்லித் தருகிறேன். பெற்றோர் பெரும்பாலும் துப்புரவுப் பணியிலும் பாதுகாவலர் பணியிலும் இரவு பகலாக உழைப்பவர்கள். 5 முதல் 17 வயது வரையுள்ளோர் வாரச் சராசரியாக நாளொன்றுக்கு 60 நிமிடமாவது மூச்சு வாங்க உடலை இயக்க வேண்டும் என்கிறது உலகச் சுகாதார நிறுவனத்தின் 2020ஆம் ஆண்டு வழிகாட்டி. இந்தப் பிள்ளைகளோ பள்ளி வேனிலிருந்து இறங்கி வீட்டுக்குள் போனால், என் வகுப்புக்கு வருவதைத் தவிர வெளியே தலைகாட்டுவதில்லை. செலவில்லாமல், தொடர்ந்து செய்யக்கூடிய வழி உண்டா?

மறுமொழி 1: மூன்று பிள்ளைகளின் தாய், பந்தாய் டாலாம்

ஆசிரியை அவர்களே, பிள்ளைகள் சோம்பேறிகள் அல்லர். நாங்கள்தான் அவர்களைக் கீழே விடுவதில்லை. 2018 சனவரியில் எங்கள் வட்டாரத்தில் மேல்மாடியிலிருந்து விழுந்த நாற்காலி தாக்கி 15 வயதுப் பையன் இறந்த நாள் முதல், திறந்தவெளியில் பிள்ளை நின்றாலே மனம் பதறுகிறது. பெண்பிள்ளைகளுக்கோ சோறு வடிப்பதும் தம்பி தங்கையைப் பார்த்துக்கொள்வதும் சேர்ந்துகொள்கின்றன. தெரிந்த பெரியவர் ஒருவர் கூரைக்கடியில், தினமும் ஒரே நேரத்தில் நிற்பார் என்ற உறுதி இருந்தால் நான் தயங்காமல் அனுப்புவேன்.

மறுமொழி 2: ஓய்வுபெற்ற உடற்கல்வி ஆசிரியர், செந்தூல்

அம்மா சொன்னதுதான் அடிப்படை; பந்தும் வலையும் பிறகு வரட்டும். அந்த 60 நிமிடத்தை ஒரே மூச்சில் முடிக்க வேண்டியதில்லை. வகுப்புக்கு முன் 20 நிமிடம், முடிந்தபின் 20 நிமிடம், பள்ளி இடைவேளை ஓட்டம் எனத் துண்டு துண்டாகச் சேர்த்தாலும் கணக்கில் வரும். பேச முடிந்து, பாட முடியாத அளவுக்கு மூச்சு வாங்கினால் அது போதிய வேகம். கோலாலம்பூரில் மாலை மழை வழக்கமென்பதால், கூரையுள்ள கீழ்த்தளத்தையே நம்புங்கள்.

முதலில் கயிறு தாண்டுதல். கயிற்றின் நடுவில் பிள்ளை நின்று இரு முனைகளையும் மேலே இழுத்தால் அக்குள் வரை வர வேண்டும். அதைவிட நீளமானால் காலில் சிக்கும். எலும்பையும் தசையையும் வலுப்படுத்தும் பயிற்சி வாரத்தில் 3 நாளாவது வேண்டுமென்று அதே வழிகாட்டி சொல்வதற்கு இது நன்கு பொருந்தும். சுண்ணக்கட்டியால் நொண்டிக் கட்டம் போடுங்கள். தம்பி தங்கையோடு வரும் அக்காமார்களும் ஆடலாம். சிமெண்டுத் தரையில் கபடி மட்டும் வேண்டவே வேண்டாம், முட்டி பெயர்ந்துவிடும். யாரையும் ஆட்டத்தை விட்டு வெளியேற்றாதீர்கள், ஏனென்றால் முதலில் வெளியேறுபவர் எப்போதும் அதிகம் ஓட வேண்டிய பிள்ளைதான்.

மறுமொழி 3: தாதி, செராஸ்

ஒன்றைக் கவனத்தில் கொள்ளுங்கள். கோலாலம்பூர் வட்டாரக் குறைந்த விலை அடுக்குமாடிகளைப் பற்றி யுனிசெப் 2018இல் வெளியிட்ட ஆய்வில், ஐந்து வயதுக்குட்பட்டோரில் 22 விழுக்காட்டினர் வயதுக்கேற்ற உயரமின்றியும், 15 விழுக்காட்டினர் எடை குறைந்தும், 23 விழுக்காட்டினர் எடை கூடியோ பருமனாகவோ இருந்தனர். ஆகவே இதை எடை குறைக்கும் வகுப்பாக்கி, எல்லார் முன்னிலையிலும் பிள்ளைகளை எடை பார்க்காதீர்கள். பசியோடு வருபவர்களுக்கு முதலில் ஒரு வாழைப்பழமாவது கொடுத்துவிட்டு ஆடச் சொல்லுங்கள்.

கேள்வி கேட்டவர்

மிக்க நன்றி. வகுப்புக்கு முன் 20 நிமிடம், கயிறும் நொண்டியும், வரும் திங்கள் தொடங்குகிறேன். முறை வைத்துக் கீழே நிற்க, பகலில் வீட்டிலிருக்கும் பாட்டிமார் இருவரைக் கேட்டிருக்கிறேன்.