சா கலோப்ரா: போய் வந்தாச்சு (புதுப்பிப்பு)

ஸ்பெயினின் மயோர்க்கா தீவில் உள்ள சா கலோப்ரா கடற்கரைக்குக் காரில் போவதா, படகில் போவதா, முட்டிவலி உள்ள அம்மாவைக் கூட்டிப்போகலாமா என்று முன்பு கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி.

படகில்தான் போனோம், போர்ட் டி சோயெர் துறைமுகத்திலிருந்து. ஏறக்குறைய முக்கால் மணி நேரம், வழி நெடுக டிராமுன்டானா மலைச் சுவர். கடல் கொந்தளித்தால் படகு ஓடாது, அதனால் காலையிலேயே விசாரித்துவிடுங்கள். காரில் போகும் சாலை 1932-இல் பொறியாளர் அன்டோனியோ பரியெட்டி அமைத்தது. ஓரிடத்தில் தன்னையே சுற்றிக்கொண்டு தன் அடியிலேயே புகுந்து போகும். பார்க்க அருமை, ஆனால் கொண்டை ஊசி வளைவு என்றாலே அம்மாவுக்குக் குமட்டும்.

படகுத்துறையில் இறங்கியதும் எதிரே இருப்பது சின்னக் கரை. அங்கேயே உட்கார்ந்துவிடாதீர்கள். பாறையைக் குடைந்த நடைச் சுரங்கம் வழியாகப் போனால்தான் டொரென்ட் டெ பரெய்ஸ் ஆறு கடலைச் சேரும் இடம் வரும். இரண்டு பக்கமும் செங்குத்துப் பாறை, நடுவில் கூழாங்கல் கரை, அதற்கப்பால் ஒரு துண்டுக் கடல். சுரங்கத்தில் வெளிச்சம் கம்மி, தரை ஈரம். அம்மா என் கையைப் பிடித்தபடி நிதானமாக வந்துவிட்டார்.

கற்கள்தான் சிக்கல். முட்டை அளவில் வெளுத்த சுண்ணாம்புக்கற்கள், மிதித்தால் உருளும். தண்ணீருக்குள் போக ரப்பர் செருப்பு கட்டாயம். கொஞ்ச தூரத்திலேயே ஆழமாகிவிடுகிறது, குழந்தைகளோடு போகிறவர்கள் கவனம். மடக்கு நாற்காலி ஒன்று இருந்தால் பெரியவர்களுக்கு வசதி. மதியம் படகுக்கூட்டம் வந்து நிறைவதற்குள் குளித்துவிடுவது நல்லது.