புதுப்பிப்பு: வேலை அனுமதி முடிந்தது, வேலை போகவில்லை

போன மாதம் எழுதியிருந்தேன், தஞ்சக் கோரிக்கைக்கு இன்னும் முடிவு வரவில்லை, வேலை அனுமதி அட்டையின் தேதி முடிகிறது, அதனால் முதலாளி இனி வரவேண்டாம் என்கிறார் என்று. சரி, இப்போது திரும்ப வேலைக்குப் போகிறேன். புதுப்பிக்க விண்ணப்பித்த ரசீதும், முடிவு வரும்வரை பழைய அனுமதியே செல்லும் என்று வழக்கறிஞர் விதியைக் காட்டி எழுதித் தந்த கடிதமும்தான் காப்பாற்றின. முதலாளி கெட்டவர் இல்லை, அபராதத்துக்குப் பயந்துவிட்டார். இந்த விதி நாட்டுக்கு நாடு மாறும், உங்கள் வழக்கறிஞரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

அப்புறம், இடையில் மூன்று வாரம் வருமானமே இல்லாதபோது ஒருவர் கணக்கில் காட்டாமல் கையில் காசு தருகிறேன், வா என்றார். போகவில்லை. வழக்கைக் கெடுத்துவிடும் என்ற பயம், தவிர சம்பளம் தராமல் ஏமாற்றினால் யாரிடம் போய்ச் சொல்வது? இப்போது சம்பளச் சீட்டுகளை ஒன்றுவிடாமல் படமெடுத்து வைக்கிறேன். புது அட்டை இன்னும் வரவில்லை.